மழை ஆகஸ்டில் பொய்த்தது, போர்வெல் பிப்ரவரியில் வற்றியது

பெங்களூரில் 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது என்றுதான் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். டிவியில் காலிக் குடங்களைக் காட்டியது அப்போதுதான். ஆனால் அது கிளம்பியது 2023 ஆகஸ்டில். 1901ஆம் ஆண்டு முதல் உள்ள பதிவுகளில் நாடு முழுவதற்கும் மிக வறண்ட ஆகஸ்டு அதுதான். வழக்கமாகப் பெய்ய வேண்டியதில் 36 சதவீதம் குறைவு. மேகத்தில் விழுந்த அந்த ஓட்டை மண்ணுக்கு வந்து, ஆற்றுக்கு வந்து, கடைசியில் என் வீட்டு மோட்டாருக்கு வந்து சேர அரை வருஷம் பிடித்தது. அந்த அரை வருஷத்தில் செய்திருக்க வேண்டிய வேலைகளை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மூன்றரை லட்சம் ரூபாயும் ஒரு நல்ல குடித்தனமும் மிஞ்சியிருக்கும்.

நான் பெங்களூரின் கிழக்கு ஓரத்தில், கே.ஆர். புரத்துக்கு அந்தப்புறம் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். கீழே கடை, மேலே நானும் மகளும், பின்பக்கம் ஒரு போர்ஷன் வாடகைக்கு. கணவர் மஸ்கட்டில் வேலை. 2007இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களில் எங்களுடையதும் ஒன்று என்பதால் காவிரிக் குழாய் தெருவரை வந்து, பல வருஷம் காற்று மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தது. எல்லாமே போர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். எங்கள் போர் 480 அடி. போட்ட நாளிலிருந்து தொந்தரவு தந்ததில்லை. மாவுத் தொழிலுக்குத் தண்ணீர் எவ்வளவு போகும் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அரிசியை மூன்று தண்ணீர் கழுவ வேண்டும், ஊறப்போட வேண்டும், அரைக்கும்போது ஊற்ற வேண்டும், ஒவ்வொரு ஈடு முடிந்ததும் கிரைண்டரையும் தூக்குகளையும் கழுவிக் கவிழ்க்க வேண்டும். கடைக்கு மட்டும் நாளைக்கு 500 லிட்டராவது ஆகும்.

முதல் தகவல் எனக்கு வந்தது கோலார் பக்கம் மாலூரிலிருந்து ரயிலில் கீரை கொண்டுவரும் அம்மாவிடமிருந்து. தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். ஆகஸ்டு கடைசியில் கீரைக்கட்டு சின்னதாக இருக்கிறதே என்று கேட்டேன். "மழைக்காட்டு கீரை எல்லாம் போச்சும்மா, இது போர் வெச்சிருக்கிறவங்க தோட்டத்துல வாங்கினது. ராகி ஒரு சாண் வந்து அப்படியே நிக்குது" என்றார். அவருக்கு வறட்சி அன்றைக்கே வந்துவிட்டது. மானாவாரி நிலத்தில் வேர் இறங்கியிருக்கும் அந்த ஒன்றரை அடி மண்ணில் ஈரம் தீர்ந்தால் பயிர் தீர்ந்தது. இரண்டு மூன்று வாரம் மழையும் இல்லாமல் வெயிலும் காய்ந்தால் அதற்குப் போதும். செப்டம்பரில் கர்நாடக அரசு முதலில் 195 தாலுகாக்களை வறட்சி பாதித்தவை என்று அறிவித்து, அப்புறம் கூட்டிக்கொண்டே போய், மொத்தமுள்ள 236இல் 223 ஆக்கியது. அந்த அறிவிப்பைச் செய்தியில் பார்த்தபோது என் கிரைண்டருக்குப் பக்கத்தில் குழாய் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மாலூரில் ராகி காய்வதற்கும் என் குழாய்க்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு எப்படித் தோன்றும்?

இரண்டாவது தகவல் தம்பியிடமிருந்து. அவன் மன்னார்குடி பக்கம் குறுவை போட்டிருந்தான். மேட்டூரை அந்த வருஷம் ஜூன் 12 அன்றே வழக்கம்போலத் திறந்திருந்தார்கள். ஆனால் கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. அக்டோபர் 10ஆம் தேதி வாக்கில் பாசனத்துக்கு அடைத்துவிட்டார்கள். "ஏக்கா, உங்க ஊர்ல தண்ணி தரமாட்டோம்னு பந்த் பண்றாங்க, எங்க ஊர்ல தண்ணி கேட்டு மறியல் பண்றாங்க, ஆத்துல என்னமோ மணல்தான் தெரியுது" என்று போனில் சொன்னான். செப்டம்பர் 26 பெங்களூரு பந்த், 29 கர்நாடக பந்த். இரண்டு நாளும் ஷட்டரை இறக்கிவிட்டு, மாவையெல்லாம் பிரிட்ஜில் அடைத்துக்கொண்டு, மகளைத் தெருவுக்கு விடாமல் வைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் 1991இல் காவிரிக்காகத் தமிழர்கள்மேல் நடந்த கலவரத்தைப் பார்த்தவர்கள் வீட்டில் அந்தப் பயம் தனியாக இருக்கும். கன்னடத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டே படியேறுவோம். அக்கம்பக்கத்தில் இருந்த கன்னடக் குடும்பம்தான் அன்று எனக்குப் பால் வாங்கிக் கொடுத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது யோசித்தால், மாலூர் அம்மாவும் தம்பியும் நானும் ஒரே வறட்சியின் மூன்று படிகளில் நின்றிருந்தோம். இதை எனக்கு விளங்கும்படி நானே இப்படி வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரருக்குச் சம்பளம் நின்றுவிட்டது என்று வையுங்கள். முதல் வாரம் கைச்செலவுக் காசு தீரும். அடுத்து சீட்டுப் பணத்தையும் சேமிப்பையும் எடுப்போம். அதுவும் போனால் நகை அடகுக்குப் போகும். சம்பளம் மழை, கைக்காசு மண்ணின் ஈரம், சேமிப்பு ஆறும் அணையும், நகை நிலத்தடி நீர். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அடகுக் கடைக்குப் போகும்வரை அந்த வீட்டில் கஷ்டம் இருப்பதே தெரியாது. மறுபடி சம்பளம் வந்தாலும் முதலில் கடைப் பாக்கி, அப்புறம் சேமிப்பு, நகை திரும்புவது எல்லாவற்றுக்கும் கடைசி. வானிலைத் துறைக்காரர்கள் மழைக்குறைவை ஒரு வறட்சி, பயிர் காய்வதை ஒரு வறட்சி, ஆறும் கிணறும் வற்றுவதை ஒரு வறட்சி என்று தனித்தனியாகப் பெயர் வைத்துச் சொல்வது இதைத்தான்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு, அதுதான் என்னை அதிகம் ஏமாற்றியது. மழை கால்வாசி குறைந்தால் ஆற்றுத் தண்ணீரும் கால்வாசிதான் குறையும் என்று நினைப்போம். அப்படி இல்லை. காய்ந்த மண் முதலில் தன் பங்கை உறிஞ்சிக்கொள்ளும், செடியும் வெயிலும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சம் இருந்தால்தான் ஓடைக்கு. அதனால் மழையில் கால்வாசி போனால் ஆற்றில் பாதிகூடப் போகலாம். அதோடு, மழை இல்லாத மாதங்களில் ஆற்றில் ஓடுவதே கரையின் நிலத்தடியிலிருந்து கசிந்து வரும் தண்ணீர்தான். நிலத்தடி இறங்கினால் அந்தக் கசிவும் நிற்கும். பெங்களூருக்கு இதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். நந்தி மலையில் பிறக்கும் அர்க்காவதியில் 1894இல் ஹெசரகட்டாவிலும் 1933இல் திப்பகொண்டனஹள்ளியிலும் ஏரி கட்டி இந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொடுத்தார்கள். இன்று அந்த ஏரிகளை நம்பி ஊர் இல்லை. அந்தப் பக்கம் மழை பெரிதாகக் குறைந்துவிடவில்லை. போர்களும் தைலமரத் தோப்புகளும் அடியிலிருந்த தண்ணீரை இழுத்துக்கொண்டதில் ஆறு மேலே வற்றிவிட்டது.

சரி, என் கதைக்கு வருகிறேன். நவம்பரில் ஒரு விஷயம் கவனத்தில் பட்டது. மாடி டேங்க் 1,000 லிட்டர். மோட்டார் போட்டால் அரை மணி நேரத்தில் வழியும். அந்தச் சத்தம்தான் எனக்கு அலாரம். நவம்பரில் முக்கால் மணி நேரம் ஆனது. மோட்டாருக்கு வயதாகிவிட்டது என்று எலெக்ட்ரீஷியன் சொன்னார். டிசம்பரில் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது, நடுநடுவே குழாய் இருமியது. அதே டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி ஊரே மிதந்தது. திருச்செந்தூர் சொந்தக்காரர்கள் மொட்டைமாடியில் நின்று வீடியோ அனுப்புகிறார்கள். இங்கே என் மோட்டாரில் காற்று. வானத்துக்கு நியாயம் தெரியாது.

இங்கே ஒரு குறிப்பு. சொந்த போர் இருக்கிறவர்கள் வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, காலையில் முதல் தடவை மோட்டார் போடும்போது காலி டேங்க் நிரம்ப எத்தனை நிமிஷம் என்று எழுதினால் போதும். மழைக்காலம் முடிந்த பிறகும் அந்த நிமிஷம் ஏறிக்கொண்டே போனால், மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் அவர்கள் போர் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நான்கு வீட்டிலும் ஒரே கதை என்றால் கோளாறு மோட்டாரில் இல்லை, கீழே தண்ணீர் இறங்குகிறது. அப்போதும் மூன்று நான்கு மாத அவகாசம் இருக்கும். அடுத்தது, தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் தானாக நிறுத்தும் சாதனத்தைப் பேனல் போர்டில் போட்டுவிடுங்கள். சில ஆயிரத்தில் முடியும். எனக்கு அது இல்லாததால் ஜனவரியில் மோட்டார் கருகிவிட்டது. வெளியே எடுத்து, காயில் சுற்றி, திரும்ப இறக்க 16,000. இறக்கிய பிறகு கிடைத்தது ஒரு நாளைக்கு இரண்டு பக்கெட் சேறு.

பிப்ரவரியில் புது போர் போடுவது என்று முடிவானது. முடிவெடுக்கக் கூட ஆள் இல்லை, மஸ்கட்டில் இருக்கும் மனுஷனிடம் வாட்ஸ்அப்பில் பேசி அவர் தலையையும் சேர்த்து வலிக்க வைத்ததுதான் மிச்சம். ஒரு புரோக்கர் வந்தார். அவர் கூட்டிவந்தவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காம்பவுண்டுக்குள் நடந்தார். மூலையில் தேங்காய் நிமிர்ந்தது, அங்கே "இரண்டு இஞ்ச் தண்ணி" என்றார். அதற்கு 3,000. துளை போடும் ரிக் வண்டி கிடைக்கவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லாத் தெருவிலும் அப்போது அதே வேலைதான். வந்த வண்டி திருச்செங்கோட்டுக்காரர்களுடையது. நம் ஊர் தமிழைக் கேட்டதும் பாதி நம்பிக்கை வந்தது.

ராத்திரி ஆரம்பித்தார்கள். கம்ப்ரஸர் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முதலில் செம்மண், அப்புறம் மஞ்சள் கலந்த மக்கிய பாறை, 80 அடிக்குமேல் கெட்டிப் பாறை. ஒவ்வொரு ராடு இறங்கியதும் உதவியாள் பையன் குழியிலிருந்து வந்த தூளில் ஒரு பிடி எடுத்துச் சுவரோரம் வரிசையாகக் குவித்து வைப்பான். சிவப்பு, பழுப்பு, சாம்பல், கறுப்புப் புள்ளி போட்ட சாம்பல் என்று வரிசை நீண்டுகொண்டே போனது. 340 அடியில் குவியல் கொஞ்சம் நசநசவென்று வந்தது. நான் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். "ஈரப்பதம்தான்கா, ஊத்து இல்ல" என்றான். அதற்கப்புறம் எல்லாம் வெறும் புகை. 1,000 அடியில் புரோக்கர் இன்னும் 200 அடி போனால் நிச்சயம் என்றார். 1,180இல் வண்டி ஓட்டுகிறவர் இறங்கி வந்து, "அக்கா, சொன்னீங்கன்னா போடறேன், எனக்கு அடிக்குத்தான் காசு. ஆனா எங்க அக்காவா இருந்தா நிறுத்துன்னுதான் சொல்லுவேன்" என்றார். நிறுத்தச் சொன்னேன். விடிந்தபோது வீடு, செடி, துணிக்கொடி, ஸ்கூட்டி எல்லாம் சாம்பல் பூசியிருந்தது. கேசிங் பைப்போடு சேர்த்து 2,35,000. சீட்டு எடுத்த பணம் அது. அன்றைக்கு அழவில்லை, கோபம்கூட வரவில்லை. பைப்பால் முற்றத்தைக் கழுவித் தள்ளக்கூடத் தண்ணீர் இல்லையே என்றுதான் இருந்தது.

இந்த ஊரின் அடி எப்படி என்று தெரிந்திருந்தால் அந்தப் பணம் இறங்கியிருக்காது. பெங்களூர் கருங்கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மேலே சில பத்து அடி மக்கிய மண்ணும் பாறையும் தண்ணீர் பிடிக்கும். கீழே பாறையில் இருக்கும் வெடிப்புகளில் மட்டும்தான் தண்ணீர். வெடிப்பு மாட்டினால் உண்டு, இல்லாவிட்டால் 2,000 அடி போனாலும் தூள்தான். ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும், அடிக்கு ரேட் மட்டும் ஏறும். அப்படிக் கிடைக்கிற தண்ணீரும் பல வருஷ மழை சொட்டுச் சொட்டாக இறங்கிச் சேர்ந்தது. அதனால் போர் போட வேண்டுமென்றால் மூன்று விஷயம். எத்தனை அடியில் நிறுத்துவது என்று வண்டி வரும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 100 அடிக்கும் ரேட் என்ன, கேசிங் ரேட் என்ன என்பதை புரோக்கரிடம் கேட்காமல் வண்டிக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள். தேங்காய் பார்ப்பவருக்குக் கொடுக்கும் காசில் சுற்றியிருக்கும் ஆறேழு வீட்டு போர்களின் ஆழமும் எந்த அடியில் தண்ணீர் பட்டது என்பதும் விசாரிக்க ஒரு நாள் ஒதுக்குங்கள். எங்கள் தெருவில் அந்தக் கோடையில் புதிதாகப் போட்ட எல்லோருக்கும் புகைதான் வந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மார்ச் நடுவில் அனுமதி இல்லாமல் போர் போடக்கூடாது என்று குடிநீர் வாரியம் கறாராக அறிவித்தது. அந்த அறிவிப்பு ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் என் சீட்டுப் பணம் தப்பியிருக்கும்.

அப்புறம் டேங்கர் காலம். காவிரியிலிருந்து நகரத்துக்கு அப்போது வந்துகொண்டிருந்தது நாளைக்குச் சுமார் 145 கோடி லிட்டர். அது பெரிதாக நிற்கவில்லை. அடிபட்டது போரை நம்பியிருந்த எங்கள் மாதிரி ஓரப் பகுதிகள். நகரத்தின் ஏறக்குறைய 14,000 அரசு போர்களில் பாதி வற்றிவிட்டன, தன் வீட்டு போரே வற்றிவிட்டது என்று துணை முதல்வர் சிவகுமாரே சொன்னார். 600, 700 ரூபாய்க்கு வந்துகொண்டிருந்த 6,000 லிட்டர் லோடு 1,800க்குப் போனது. மார்ச்சில் அரசு விலை வைத்தது: 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600, 12,000 லிட்டருக்கு 1,000. விலை வைத்த மறுநாளிலிருந்து என் டேங்கர்காரர் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது பழைய விலையைத்தான் சொன்னார். குடிநீரைச் செடிக்கு விட்டாலும் கார் கழுவினாலும் 5,000 அபராதம் என்று வேறு அறிவிப்பு. என் தெருவில் கழுவுவதற்குத்தான் என்ன இருந்தது.

டேங்கர் வாங்குகிறவர்கள் சம்ப்புக்குள், அதாவது தரைக்கடித் தொட்டிக்குள், ஒரு நீளக் குச்சி வைத்துக்கொள்ளுங்கள். என் சம்ப் 6 அடிக்கு 5 அடி, 8 அடி ஆழம். ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம் என்பதால் ஒரு அடி உயரத்துக்கு 850 லிட்டர். 6,000 லிட்டர் விட்டால் 7 அடி ஏற வேண்டும். முதலில் அளந்த லோடில் குச்சி நனைந்தது 6 அடிக்குக் கொஞ்சம் மேலே. ஏறக்குறைய 800 லிட்டர் வழியிலேயே ஆவியாகிவிட்டது போல. டிரைவரிடம் சண்டை போடவில்லை, அடுத்த தடவை அவர் கண்ணெதிரே குச்சியை விட்டு, சாக்பீஸில் கோடு போட்டு வைத்தேன். அதற்கப்புறம் அளவு சரியாக வந்தது. தண்ணீரின் உப்பை அளக்கும் பேனா போன்ற மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதையும் வாங்குங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. எனக்கு வந்த ஒரு லோடு 1,400 காட்டியது. அந்தத் தண்ணீரில் உளுந்து ராத்திரி முழுக்கக் கிடந்தும் நடுவில் வெள்ளையாகக் கட்டையாக இருந்தது. மாவு பொங்கவில்லை, இட்லி கல். ஊறப்போடுவதற்கு மட்டும் மாநகராட்சியின் சுத்திகரிப்பு மையத்தில் 5 ரூபாய்க்கு 20 லிட்டர் பிடிக்க மகளும் நானும் ஆளுக்கொரு கேனோடு நிற்போம். ஒருவருக்கு ஒரு கேன்தான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை புத்தகத்தைக் கேன்மேல் வைத்துப் படித்தது. ஏப்ரலில் கடையை மூடினேன். திறந்தபோது வாடிக்கையில் மூன்றில் ஒரு பங்கு பாக்கெட் மாவுக்குப் போய்விட்டது. பின்பக்கக் குடித்தனக்காரர்கள் கைக்குழந்தையோடு ஒசூருக்கே கிளம்பிவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. குழந்தைத் துணி துவைக்கத் தண்ணீர் கேட்டு அந்தப் பெண் என் வாசலில் வந்து நின்றபோது எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை.

அந்த ஏப்ரலில் ஊரில் சொட்டு மழை இல்லை. வெயில் 38 டிகிரியைத் தாண்டியது. மே மாதம் மழை வந்தது, ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் கொட்டியது. ஜூன் மாதத்தில் ஒரு நாளைக்கு அவ்வளவு பெய்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். மறுநாளிலிருந்தே எல்லோரும் பஞ்சம் முடிந்ததாகப் பேச ஆரம்பித்தார்கள். டேங்கர் விலையும் இறங்கியது. என் பழைய போரில் மோட்டாரைப் போட்டுப் பார்த்தேன், காற்று.

அதன் காரணத்தைக் கண்ணால் பார்த்தது ஜூன் நடுவில். மொட்டைமாடித் தண்ணீரை மண்ணுக்குள் விடுவதற்கு ஒரு உறைக்கிணறு எடுத்தேன்: மூன்றடி அகலம், 20 அடி ஆழம், 38,000 செலவு. பரம்பரையாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் ஆட்கள் வந்து கையாலேயே தோண்டினார்கள். அவ்வளவு மழைக்கும் மேல் இரண்டரை அடி மண்தான் கருஞ்சிவப்பாக, பிடித்தால் உருண்டையாக நின்றது. அதற்குக் கீழே கூடையில் வந்த மண் வெளுத்து, விரலிடுக்கில் ஒழுகியது. பெரியவர் ஒரு பிடி அள்ளிக் காட்டி, "இது குடிச்சு முடிச்சாத்தான்மா கீழே அனுப்பும்" என்றார். ஆறு சீக்கிரமே தெளிந்துவிட்டது. குடகிலும் வயநாட்டிலும் மழை பிடித்ததில் ஜூலை கடைசிக்குள் காவிரியின் கிருஷ்ணராஜசாகர் அணையும் நிரம்பி, மேட்டூரும் 120 அடியைத் தொட்டது. தம்பி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் வீடியோ அனுப்பினான். என் போரில் மறுபடி தண்ணீர் ஏறியது அடுத்த ஜனவரியில், அதுவும் பழைய வேகத்தில் பாதி. நகை கடைசியில்தான் திரும்பும் என்றேனே.

மாடித் தண்ணீர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை 93 லிட்டர். வீணானது போக 20 மில்லிமீட்டர் மழைக்கு 1,500 லிட்டர் கையில் நிற்கும். பெங்களூரில் வருஷத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பெய்கிறது. ஜூன் 2 அன்று மட்டும் என் கூரையில் விழுந்தது ஒன்றரை டேங்கர் லோடுக்கு மேல். அவ்வளவும் சாக்கடைக்குப் போனது. இப்போது மாடிக் குழாயில் வடிகட்டி வைத்து முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மற்றதை சம்ப்புக்கு எடுக்கிறேன், வழிவது கிணற்றுக்கு. எப்படிச் செய்வது என்று பார்க்க விரும்புகிறவர்கள் ஜெயநகரில் மழைநீர் சேகரிப்புக்கென்றே குடிநீர் வாரியம் வைத்திருக்கும் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள், மாதிரிகள் இருக்கின்றன.

இனி என் பழக்கம் இது. பெங்களூர் வானத்தைப் பார்த்துத் தண்ணீரைக் கணக்குப் போடுவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை குடகு, வயநாடு மழைச் செய்தி. அக்டோபர் கடைசியில் கிருஷ்ணராஜசாகரின் மட்டம். முழு மட்டம் 124.80 அடி. நவம்பரில் எவ்வளவு இருக்கிறதோ அதுதான் அடுத்த ஜூன் வரைக்கும். இந்த நகரத்துக்கு அது 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து மேடேற்றி வரும் தண்ணீர். 2024 அக்டோபர் 16 அன்று காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்தைத் திறந்த பிறகு நாளைக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வர வழியாகி, எங்கள் தெருக் குழாய்க்கும் கடைசியில் தண்ணீர் வந்தது. இணைப்புக் கட்டணம் கட்டி வாங்கிவிட்டேன். வாரத்தில் எல்லா நாளும் வராது, வரும்போது சம்ப்பில் பிடித்துக்கொள்கிறேன். அது வந்துவிட்டதே என்று போரையும் நோட்டையும் விட்டுவிடுகிற எண்ணம் இல்லை. அந்தக் குழாயும் அதே ஆற்றைத்தான் நம்பியிருக்கிறது, ஆறு வற்றினால் அதுவும் வற்றும்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அக்ரிமென்டில் தண்ணீருக்கு என்று ஒரு வரி போடுங்கள்: போர் வற்றி டேங்கர் வாங்கினால் செலவை எப்படிப் பங்கு பிரிப்பது, மாதம் எத்தனை லோடு வரை வீட்டுக்காரர் பொறுப்பு என்று. எனக்கு அந்த வரி இல்லாமல் மார்ச் முழுக்க இரண்டு குடும்பத்துத் தண்ணீருக்கும் நானே கொடுத்தேன், பேச்சும் கசந்தது. புதிதாக வந்திருக்கும் ஈரோட்டுக்காரத் தம்பதி அந்த வரியைப் படித்துவிட்டு, நோட்டில் இந்த மாத நிமிஷம் எவ்வளவு என்று கேட்டார்கள். 42 என்று காட்டினேன், கையெழுத்துப் போட்டார்கள்.